கானோரத்துக் கொம்புப்பாசி

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "கொம்பு முளைக்கிற பாசிகூட நம் தண்ணீர்க் கான் ஓரங்களில் இருக்கிறது, ஆடி மாதம் பாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் பாம்பு, குளவி, அட்டை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்கக் கொம்புப்பாசிதான்.

தேயிலைத் தவறணையில் வேலை செய்கிறேன் டீச்சர். கன்றுப் பைகளில் மண்ணுக்கு மேலே கரும்பச்சையாக ஒன்று ஒட்டிப் படர்ந்திருக்கிறது. அதிலிருந்து புல் முளைத்த மாதிரி ஊசி ஊசியாக நிற்கிறது. இது நோயா? கன்று பழுதாகுமா?
— ஒரு வாசகி, பொகவந்தலாவை

நோய் இல்லை தங்கச்சி, பயப்பட வேண்டாம். அது கன்றிலிருந்து எதையும் உறிஞ்சாது. அதற்கு வேரே கிடையாது. அடியில் மயிர் போன்ற வேர்ப்போலிகள் இருக்கும். அவை மண்ணைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான்.

அந்த ஊசியில் ஒன்றை விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். புல்லாக இருந்தால் வேரோடு வரும். இது அப்படி வராது. அடியில் ஒட்டியிருக்கும் பச்சைத் தகட்டில் ஒரு துண்டையும் பிய்த்துக்கொண்டு வரும், இல்லாவிட்டால் அடியோடு முறியும். தகடு ஒரு செடி, அதன்மேல் நிற்கிற கொம்பு அதற்குப் பிறந்த பிள்ளை. பிள்ளை தாயின் மடியில் கால் புதைத்து நின்றுகொண்டே வளர்கிறது. எங்கள் பாடத்தில் தகட்டைப் புணரித்தாவரம் என்றும் கொம்பை வித்தித்தாவரம் என்றும் சொல்வோம். பெயர் நினைவில் இல்லாவிட்டால் பரவாயில்லை, தாயும் பிள்ளையும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாசி என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவதில் பல சாதி இருக்கிறது. பீலிக்கரைக் கல்லில் வழுக்குவது ஒன்று, மரத்தில் மெத்தை மாதிரி படர்வது இன்னொன்று. பூவும் விதையும் இல்லாத சிறிய நிலத்தாவரங்களை எடுத்துக்கொண்டால் மூன்று கூட்டம். மெத்தைப் பாசிகளில் ஏறத்தாழ 12,000 இனம். ஈரல் வடிவத் தகட்டுச் செடிகளில் ஏறத்தாழ 7,000. கொம்புப்பாசிகளில் உலகம் முழுவதும் தேடினாலும் 200-க்குச் சற்று மேல்தான். உங்கள் தவறணையில் முளைத்திருப்பது அந்தச் சின்னக் குடும்பத்து ஆள்.

ஆனால் ஒன்று. அது வந்திருக்கிறது என்றால் அந்தப் பைகளில் ஈரம் காயவே இல்லை என்று அர்த்தம். மேல்மண் இறுகியிருக்கும், நிழல் கூடியிருக்கும், தண்ணீர் வடிய வழி குறைந்திருக்கும். தகடு தடிப்பாகப் படர்ந்துவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் பையின் ஓரமாக ஓடிவிடும். ஒரு குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, மேல்மண்ணைக் கொஞ்சம் கிளறி, தண்ணீரைக் குறையுங்கள். மருந்தடிக்கத் தேவையில்லை. தண்ணீரைக் குறைக்காமல் சுரண்ட மட்டும் செய்தால் அடுத்த மாதமும் எனக்கு இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

எங்கள் நோட்ஸில் "அந்தோசெரோஸின் வித்திகள் கறுப்பு நிறம்" என்று இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண்மேட்டில் நான் எடுத்த கொம்பைத் தட்டினால் மஞ்சள் தூள்தான் கொட்டுகிறது. நோட்ஸ் பிழையா, என் செடி பிழையா டீச்சர்?
— உயர்தர மாணவர், ஹட்டன்

(மற்றவர்களுக்காக: அந்தோசெரோஸ் என்பது கொம்புப்பாசியில் ஒரு சாதியின் பெயர், வித்தி என்பது விதைக்குப் பதிலாக அது உதிர்க்கிற தூள்.) உங்கள் செடியும் சரி, நோட்ஸும் சரி தம்பி. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டதுதான் பிழை. அந்த முடிச்சைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. ஹட்டன், டிக்கோயாப் பக்கம் கைமாறித் திரிகிற நோட்ஸ் என்றால் அது என் வாயிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம்.

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், ஆடி மழை விட்ட ஒரு நாள், பிள்ளைகளைக் கான் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொம்பு நிறைந்த ஒரு பாளத்தைப் பெயர்த்து, "இதுதான் அந்தோசெரோஸ்" என்றேன். பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி நீங்கள் கேட்டதையேதான் கேட்டாள்: "தூள் மஞ்சளாக இருக்கிறதே டீச்சர்?" நான் கொஞ்சமும் யோசிக்காமல், "இன்னும் முற்றவில்லை, முற்றினால் கறுக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டினாள், ஆனால் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகும் பல வருடம், வகுப்புக்கு வகுப்பு, "முற்றினால் கறுக்கும்" என்றே சொல்லிவந்தேன். ஒரு ஆசிரியர் பயிற்சியில் தூள் வைத்த இரண்டு கண்ணாடி வழுக்கிகளைப் பக்கத்துப் பக்கத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்றில் கரிப்பொடி, மற்றதில் மஞ்சள் பொடி. இரண்டும் நன்றாக முற்றியவை.

நடந்தது இதுதான். லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் 1753-இல் இந்தச் செடிகளுக்கு அந்தோசெரோஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் பூ, கொம்பு என்ற இரண்டு சொல்லைச் சேர்த்த பெயர். (பூ எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள், இதற்குப் பூவே இல்லை.) கறுப்பு வித்தி, மஞ்சள் வித்தி எல்லாம் அப்போது ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன. 1951-இல் ப்ரொஸ்கவர் என்ற தாவரவியலாளர் மஞ்சள் வித்திக்காரரைப் பிரித்து வேறு சாதியாக்கினார். அதற்குப் பெயர் பேயோசெரோஸ். தமிழில் எழுதும்போது பேய் வந்து உட்கார்ந்துகொள்கிறது, நான் என்ன செய்ய?

நுணுக்குக்காட்டி இல்லாமலும் பிரிக்கலாம். அந்தோசெரோஸின் தகட்டுக்குள்ளே வெற்றிடங்கள் நிறைய உண்டு. அதனால் பஞ்சு போல இருக்கும், ஓரம் சுருங்கிச் சுருங்கிக் கிழிந்த மாதிரி தெரியும். பேயோசெரோஸின் தகடு உள்ளே நிறைந்தது. வழுவழுப்பாக, எண்ணெய் தடவிய வெற்றிலை மாதிரி மினுங்கும். உங்கள் மண்மேட்டில் இருப்பது இந்த இரண்டாவது வகை. அதிலும் கரோலினியானுஸ் என்ற இனம்தான் உலகத்தில் மிகப் பரவலானது. அதில் ஆணும் பெண்ணும் ஒரே தகட்டில் இருக்கும். அதன் நெருங்கிய உறவான லேவிஸ் என்ற இனத்தில் ஆண் தகடு வேறு, பெண் தகடு வேறு.

அதற்காகக் கறுப்புத் தூளைக் கண்டவுடன் அந்தோசெரோஸ் என்றும் எழுதிவிடாதீர்கள். கறுத்த வித்திக்காரரிலும் ஒரு பிரிவை 1971-இல் இந்தியாவின் பரத்வாஜ் என்பவர் போலியோசெரோஸ் என்று தனியாக்கியிருக்கிறார்.

சரி, அந்தக் கொம்பை எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் ஒரு கைவில்லையை எடுத்துக்கொண்டு அடியிலிருந்து நுனிவரை பொறுமையாகப் பாருங்கள். நான் ஓய்வு பெற்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அலுக்காத காட்சி அது. அடியில் இளம்பச்சை. நடுவில் பச்சை மங்கி மஞ்சள் ஏறும். நுனி காய்ந்து கபிலமாகி, எள்ளுக்காய் வெடிப்பது போல இரண்டாகப் பிளந்து நிற்கும். பிளவுக்கு நடுவே நூல் மாதிரி ஒரு தண்டு தெரியும். பிளந்த இரண்டு பாதியும் காயக் காய முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கில் தூள் உதிரும். மெத்தைப் பாசியின் வித்தி உறை ஒரே தடவையில் முற்றி ஒரே தடவையில் முடிந்துவிடும். இது அப்படியல்ல. நம் தலைமயிர் மாதிரி அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரே கொம்பில் அடியில் குழந்தை, நடுவில் குமரி, நுனியில் கிழவி. மழை இருக்கிற வரைக்கும் கீழே பிறப்பும் மேலே உதிர்வும் நடந்துகொண்டிருக்கும்.

கொம்பில் இலைவாய்களும் உண்டு. ஆனால் தேயிலையில் இருப்பது போலத் திறந்து மூடுகிறவை அல்ல. ஒருமுறை திறந்தால் திறந்ததுதான். உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விட்டுக் கொம்பைக் காயவைத்து வெடிக்கச் செய்வதுதான் அவற்றின் வேலை என்கிறார்கள்.

பரீட்சையில் என்ன எழுதுவது என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தோசெரோஸ் என்று கேட்டால் கறுப்பு என்றே எழுதுங்கள், அது சரியான விடை. மண்மேட்டில் எடுத்ததற்கு மட்டும் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள்.

ஆட்டுக்குப் போடலாமா டீச்சர்?
— ஒரு வாசகர், கினிகத்தேனை

ஒரு லயமே சேர்ந்து கான் முழுக்கச் சுரண்டினாலும் ஆட்டுக்கு ஒரு வாய் காணாது. புல்லையே வெட்டுங்கள்.

இந்தப் பாசிக்குள்ளேயே யூரியா மாதிரி உரம் தயாராகிறது என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன் சொல்கிறான். 2021-இல் உரமில்லாமல் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். லீக்ஸ், கரட் போட்ட நிலத்தில் இதை வளர்த்தால் பலன் இருக்குமா?
— மரக்கறிச் செய்கையாளர், கந்தப்பளை

மகன் சொல்வது உண்மை ஐயா. ஆனால் மூட்டைக் கணக்கில் யோசிக்காதீர்கள்.

தகடு ஒன்றைக் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். பச்சைக்குள்ளே மையில் தொட்டு வைத்த மாதிரி கருநீலப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடியிருப்பு. உள்ளே இருப்பது நொஸ்டொக் என்ற நீலப்பச்சைப் பற்றீரியா. மணிமாலை மாதிரிக் கலங்கள் கோத்த உயிர் அது. தகட்டின் அடிப்பக்கத்தில் சளி நிறைந்த சின்னப் பிளவுகள் உண்டு. அந்த வாசல் வழியாக நொஸ்டொக் உள்ளே போகிறது. சும்மா வழிதவறிப் போவதில்லை. நைதரசன் போதாமல் தவிக்கும்போது செடி ஒரு பொருளைச் சுரந்து, மண்ணில் கிடக்கும் நொஸ்டொக்கை நகரத் தூண்டுகிறது. உள்ளே போன பிறகு அதன் வாழ்க்கையே மாறிவிடும். வெளியே இருக்கும்போது அந்த மணிமாலையில் நூறு மணிக்கு ஐந்து பத்து மணிதான் காற்றிலிருக்கும் நைதரசனைப் பிடிக்கிற வேலை செய்யும். செடிக்குள் அந்த மணிகளின் பங்கு பல மடங்காகும். பிடித்ததில் பெரும்பகுதி அமோனியாவாகச் செடிக்கே போகும். பதிலுக்குச் செடி சீனிச்சத்துக் கொடுக்கும்.

ஆக, அது தன் வயிற்றுக்குச் சமைத்துக்கொள்கிறது. தகடு செத்து உக்கும்போது மண்ணுக்குக் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். கரட்டுக்கு அது போதாது. இன்னொன்றும் இருக்கிறது. நன்றாகப் பசளை போட்ட மண்ணில் நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் செடிக்கு இந்தக் குடித்தனக்காரர் தேவைப்படுவதில்லை. வசதி வந்தால் மனிதர்களும் அப்படித்தானே. நீங்கள் அவரைக்கும் போஞ்சிக்கும் மாற்றிப் போட்டு நிலத்தைத் தேற்றுவதுதான் கைகண்ட வழி.

கண்டியில் மீன் தொட்டிக்கு "ஹோர்ன்வோர்ட்" என்று ஒரு செடி வாங்கினேன். நீங்கள் எழுதியது இதைத்தானா?
— ஒரு வாசகர், கடுகண்ணாவை

இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், அதுதான் குழப்பம். தொட்டியில் மிதப்பது செரற்றோபைலம். அதற்கும் வேர் கிடையாது, ஆனால் அது பூக்கிற தாவரம், விதையும் உண்டு. கொம்புப்பாசிக்கும் அதற்கும் இடையில் 40 கோடி ஆண்டுக்கு மேல் தூரம். தொட்டிச் செடி நன்றாக இருக்கிறதா? மீன் குஞ்சு ஒளிய நல்லது, வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் பார்க்கச் சொன்னீர்கள். நாங்கள் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரோட்டோரம் தேடினோம். ஒரு கொம்பும் இல்லை. எங்கள் பக்கம் இது இல்லையா? இலங்கையில் மட்டும்தான் உண்டா?
— மூன்று தோழிகள், ஹப்புத்தளை

பிழை என்னுடையது பிள்ளைகளே. ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு ஊவாவுக்கும் சேர்த்து நாட்காட்டி எழுதிவிட்டேன். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறபோது உங்கள் பக்கம் வெறும் காற்று. மலை மழையை இந்தப் பக்கமே பிழிந்துவிடும். உங்களுக்கு ஐப்பசி மழை தொடங்கி மார்கழி, தை வரைக்கும்தான் காலம். கார்த்திகையில் திரும்பப் போங்கள்.

மழை ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இந்தச் செடியின் ஆண் கலம் நீந்தித்தான் பெண்ணிடம் போக வேண்டும். அதற்கு இரண்டு சவுக்கு முளை உண்டு. தகட்டின் மேல் தோலுக்குக் கீழே மூடிய அறைகளில் ஆண் பைகள் இருக்கும். முற்றியதும் கூரை திறந்து, குழிக்குள்ளே தோடம்பழ நிறத்தில் புள்ளி தெரியும். பெண் கலம் தகட்டுக்குள்ளேயே புதைந்திருக்கும். இடையில் இருப்பது சில மில்லிமீற்றர்தான், ஆனால் தண்ணீர்ப் படலம் இல்லாவிட்டால் அது கடக்க முடியாத தூரம். வெயில் காலத்தில் தகடு சுருண்டு, காய்ந்து, காணாமல் போய்விடும். வித்தி மண்ணில் காத்திருக்கும்.

தேடுகிற இடத்தையும் மாற்றுங்கள். அடர்ந்த புல்லுக்குள் இருக்காது. யாராவது அண்மையில் வெட்டிவிட்ட, நிழலான, ஈரமான வெறுங்களிமண்தான் அதற்குப் பிடிக்கும். புதிதாகக் கான் வெட்டிய கரை, ஒற்றையடிப் பாதையின் உள்பக்கச் சுவர், லயத்துக்குப் பின்னால் மண் சரித்த இடம். அதாவது, மண்வெட்டி போன இடமெல்லாம் பின்னாலேயே போகிற செடி. குத்துக்காலிட்டுப் பார்த்தால்தான் தெரியும், நடந்துகொண்டே பார்த்தால் தெரியாது. ஹோட்டன் சமவெளிக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 1988 முதல் அது தேசிய பூங்கா. அங்கே பார்க்கலாம், தொட்டுப் பிடுங்கக் கூடாது.

இலங்கையில் மட்டுமா என்றால், நிச்சயமாக இல்லை. கரோலினியானுஸ் என்ற பெயரே அமெரிக்காவின் கரோலினாவிலிருந்து வந்தது. 1803-இல் வெளிவந்த நூலில் மிஷோ என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். வட, தென் அமெரிக்கா, ஐரோப்பா, ஆபிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று எல்லாப் பக்கமும் இருக்கிறது. வித்தி காற்றில் போகும், சேற்றோடு சப்பாத்திலும் போகும். குடும்பத்தில் மற்றவர்கள் இவ்வளவு ஊர்சுற்றிகள் அல்லர். டென்ட்ரோசெரோஸ் வெப்பமண்டலக் காடுகளில் மரப்பட்டையிலும் இலையின் மேலும்கூடப் படரும். மெகாசெரோஸ் ஓடைக்கரைக் கற்களை விடாது. நொதொதைலஸின் கொம்பு நிமிரவே மாட்டாது, தகட்டோடு தகடாகப் படுத்துக் கிடக்கும்.

ஒரு கலத்துக்கு ஒரே ஒரு பச்சையவுருமணி என்பது உண்மையா? அதை நெல்லுக்குள் வைக்கப் போகிறார்களாமே?
— மாணவி, மஸ்கெலியா

முதலாவது உண்மை. பச்சையவுருமணி என்பது வெளிச்சத்தில் உணவு தயாரிக்கிற பச்சை மணி. மற்ற நிலத்தாவரங்களின் கலத்தில் அவை டசின் கணக்கில் கிடக்க, இதில் பெரும்பாலும் ஒன்றே ஒன்று, கலத்தையே நிறைத்துக்கொண்டு இருக்கும். நடுவில் பைரனொயிட் என்ற ஒரு திரள். காபனீரொட்சைட்டைப் பிடிக்கிற நொதியம் அங்கே நெருக்கிக் குவிந்திருக்கும். காபனீரொட்சைட்டை அந்த இடத்தில் செறிய விடுவதால் நொதியம் வீணாக ஒட்சிசனைப் பிடித்து ஏமாறுவது குறைகிறது. அல்காக்களில் இது சாதாரணம். நிலத்தாவரங்களில் கொம்புப்பாசிகளிடம் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் எல்லாரிடமும் இல்லை. 10 கோடி ஆண்டுக்குள் குறைந்தது ஐந்து தடவை தோன்றியும் தொலைந்தும் இருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நான் மேலே சொன்ன மெகாசெரோஸிடம் கிடையாது.

நெல்லுக்குள் "வைக்கப் போகிறார்கள்" என்பது அவசரச் செய்தி. இதன் பரம்பரை அலகுத்தொகுதியை 2020-இல் வெளியிட்டார்கள். பயிருக்கு இந்த உத்தியைக் கொண்டுபோக முடியுமா என்று ஆய்வுகூடங்களில் முயல்கிறார்கள். சோறு தட்டுக்கு வர இன்னும் காலம் இருக்கிறது.

நான் எடுத்ததை உங்களுக்குத் தபாலில் அனுப்பலாமா?
— இதே கேள்வியை ஐந்தாறு பேர் கேட்டிருக்கிறீர்கள்

அனுப்புங்கள், ஆனால் தயவுசெய்து பொலித்தீன் பையில் போடாதீர்கள். மண்ணைத் தட்டிவிட்டு, பழைய பத்திரிகைத் தாளில் மடித்து, இரண்டு நாள் அடுப்படிப் பக்கம் காற்றாட வையுங்கள். வெயிலில் வேண்டாம். தகடு காய்ந்தால் கறுத்த தோலாகச் சுருங்கி எந்த அடையாளமும் தெரியாமல் போய்விடும். ஆகவே நுனி வெடித்த கொம்பு ஒன்றாவது இருக்க வேண்டும், தூள் இருந்தால்தான் நான் பெயர் சொல்ல முடியும். உறையின் மேல் ஊர், திகதி, என்ன மண், வெயிலா நிழலா என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். போன மாதம் ஒருவர் பசுமையாக இருக்கட்டும் என்று நல்ல மனதோடு ஈரமாகவே பொலித்தீனில் கட்டி அனுப்பியிருந்தார். தபால்காரத் தம்பி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், உள்ளே என்ன, கருவாடா?" என்று கேட்டார்.